காசி–கயா போகும்போது புத்த கயாவில் நாலு நாள்: மனசுக்கு என்ன கிடைக்கும், எப்படித் தயாராவது?

தென்கடல் (தங்கச்சிமடம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் அம்மா, அப்பாவோடு காசி, கயா போவதாக ஏற்பாடு. கயாவில் மாமாவுக்குப் பிண்டம் வைத்து முடித்த பிறகு நாலு நாள் கையில் இருக்கும். புத்த கயா அங்கிருந்து 12 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். அந்த நாலு நாளையும் அங்கேயே கழிக்கலாமா என்று யோசனை.

காரணம் சுற்றிப் பார்ப்பது இல்லை. அம்மாவுக்கு 61 வயசு. மாமா போனதில் இருந்து தூக்கம் சரியில்லை, ஓயாத யோசனை. மருத்துவர் ராத்திரிக்குத் தூக்க மாத்திரை ஒன்றும் காலையில் பிரஷர் மாத்திரை ஒன்றும் எழுதியிருக்கிறார். முழங்கால் வலியும் உண்டு, சம்மணம் போட்டு உட்கார முடியாது.

நாலு நாளில் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? முன்கூட்டியே வீட்டில் என்ன பழக வேண்டும்? இதற்குப் பதில் பத்து நாள் விபாசனா முகாமுக்கே (பேசாமல் இருந்து தியானம் பழகும் முகாம்) அனுப்புவது நல்லதா? அனுராதபுரம் நமக்குப் பக்கம், அங்கே போகலாம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு உறவினர், "போதி மரத்தடியில் ஒரு நாள் உட்கார்ந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்கிறார். இதற்கெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காற்று (பாம்பன்) பதில்:

தம்பி, யாத்திரையில் மனசுக்கு உதவுவது என்ன என்று முதலில் பிரித்துப் பாருங்க. தினமும் நடக்கிறோம். காலை வெளிச்சம் உடம்பில் படுது. சமையல், கணக்கு வழக்கு என்று முடிவெடுக்க வேண்டிய வேலை குறையுது. வீட்டில் யோசனையைக் கிளப்பிவிடும் பொருள்கள் (இறந்தவரின் நாற்காலி, அவர் போன் பண்ணும் நேரம்) கண்ணில் படுவதில்லை. இதில் பெரும்பகுதி எந்தப் பயணத்திலும் கிடைக்கும், வீடு திரும்பின வாரத்திலேயே கரைந்தும் போகும். கரையாமல் இருக்க தினசரி தியானத்துக்கு உட்காரும் பழக்கம் வேணும். அதைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்னாலேயே தொடங்கிடணும். அந்த மரத்தடியில்தான் முதல்முறையாகக் கண்ணை மூடுவது என்றால் கூட்டமும் குளிரும் கால்வலியும்தான் தெரியும்.

உட்காரும் விதம்: முழங்கால் வலி இருப்பவருக்குத் தரையே வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலி, பாதம் முழுசும் தரையில் பதியணும். உயரம் அதிகமானால் காலடியில் மணை போடுங்க. முதுகு நாற்காலியில் சாயாமல் இருந்தால் தூக்கம் குறையும், ஆனால் இடுப்பு வலித்தால் சாய்ந்துகொள்ளலாம், அதில் குற்றமில்லை. அப்பா தரையில் உட்கார்வார் என்றால் மடித்த பாய்க்கு மேல் கெட்டியான தலையணை, நாலைந்து விரற்கடை உயரம். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து நிற்கணும். தாழாவிட்டால் முதுகு வளையும், பத்து நிமிஷத்தில் கால் மரத்துப்போகும். மரத்துப்போன காலோடு சடக்கென்று எழுந்தால் விழுவாங்க. முதலில் காலை நீட்டி, உணர்ச்சி திரும்பின பிறகு எழணும்.

மூச்சு: மூக்கின் வாசலில், மேலுதட்டுக்கு மேலே, காற்று தொடுகிற இடத்தில் கவனம். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்து ஒன்று என்று எண்ணணும். ஐந்துக்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் எண்ணச் சொல்கிறது விசுத்திமார்க்கம் என்ற பழைய பௌத்தத் தியான நூல். ஐந்துக்குள் நிறுத்தினால் மனசு நெருக்கடியில் துள்ளும், பத்தைத் தாண்டினால் மனசு எண்ணிக்கையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கணக்கு தவறினால் மறுபடி ஒன்று. முதல் வாரம் காலை 10 நிமிஷம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டுங்க. ஆறாம் வாரத்தில் 35 நிமிஷம் தாங்குகிறார் என்றால் புத்த கயாவுக்குத் தயார்.

கெட்டுப்போகும் இடங்கள் மூணு. முதலாவது, மூச்சைக் கவனிப்பதற்குப் பதிலாக இழுத்து விட ஆரம்பிப்பது. தலை கிறுகிறுக்கும், விரல் நுனி ஊசி குத்தும். மூச்சை அதன் போக்கில் விடச் சொல்லுங்க, இரண்டு மூணு நிமிஷத்தில் சரியாகும். இரண்டாவது, மூச்சைப் பார்த்ததுமே நெஞ்சு இறுகுவது. படபடப்பு உள்ளவர்களுக்கு இது சகஜம். அவர்களை மூச்சில் பிடித்து வைக்கவே கூடாது. உள்ளங்கால் தரையைத் தொடும் உணர்ச்சிக்கு மாற்றுங்க. அல்லது காதுக்கு வரும் சத்தத்துக்கு மாற்றுங்க. ஒலிபெருக்கி, ஐஸ் உடைக்கும் சத்தம், அலை எதுவாக இருந்தாலும் "கேட்குது" என்று மட்டும் மனசுக்குள் குறித்துக்கொண்டால் போதும். நம் ஊரில் சத்தமில்லாத நேரத்துக்குக் காத்திருந்தால் என்றைக்கும் உட்கார முடியாது.

மூணாவது தூக்கம். தூங்கி விழுந்த தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழிகள் இன்றைக்கும் பொருந்தும்: காது மடலைப் பிடித்து இழு, கைகாலைத் தேய், தண்ணீரில் முகம் கழுவி வானத்து நட்சத்திரத்தைப் பார், பகல் வெளிச்சத்தை நினை, எழுந்து நட. எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு! ராத்திரி தூக்கம் கெட்டவருக்கு அந்தக் கடைசி யோசனை வராமல் இருக்கத்தான் காலையில் குளித்த பிறகு உட்காரச் சொல்கிறது.

நடைதியானம் அம்மாவுக்கு உட்காருவதைவிட ஒத்துப்போகும். மொட்டைமாடியில் 15 அல்லது 20 அடி நீளத்துக்கு நேர்கோடு. தூக்குது, நகருது, வைக்குது என்று பாதத்தை மட்டும் கவனிக்கணும். கோட்டின் முனையில் நின்று, "நிற்கிறேன்" என்று உணர்ந்து, திரும்பணும். நடையின் ஐந்து பயன்களைப் பௌத்தச் சூத்திரம் சொல்கிறது: நெடுவழி போகத் தெம்பு, முயற்சிக்குத் தெம்பு, நோய் குறைவு, உண்டது செரிப்பது, நடந்து வந்த ஒருமை நெடுநேரம் நிற்பது. யாத்திரை போகிறவருக்கு முதலாவதும் கடைசியும் நேரடியாக உதவும். கடற்கரையில் நடக்க ஆசைப்பட்டால் காய்ந்த மணல் வேண்டாம், முழங்கால் தாங்காது. நீர் வற்றும் நேரத்தில் இறுகின ஈரமணல் நல்லது, அதுவும் வடகடல் பக்கம். கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் தென்கடல் ஓரம் கண்ணில் மணலை வாரி இறைக்கும், கவனம் எங்கே நிற்கும்?

இன்னொன்று. இறந்தவரை நினைத்து அழுகிறவருக்கு மைத்திரி தியானம் (ஒருவர் நலமாக இருக்கட்டும் என்று அன்போடு நினைப்பது) சொல்லிக்கொடுக்கிறோம் என்று நிறையப் பேர் மாமா முகத்தையே நினைக்கச் சொல்வாங்க. செய்யாதீங்க. உயிரோடு இல்லாதவரை வைத்து மைத்திரி பழகக் கூடாது என்பது விசுத்திமார்க்கத்தின் கட்டளை. வரிசை இப்படி: முதலில் தனக்கு, பிறகு மரியாதைக்குரிய ஒருவர், பிறகு வேண்டியவர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லாத ஒருவர் (மீன் கொண்டுவரும் அம்மா, பஸ் கண்டக்டர்), கடைசியில்தான் மனஸ்தாபம் உள்ளவர். இறந்தவருக்குச் செய்வது புண்ணியத்தைப் பங்கு கொடுப்பது, அது தனி. கயாவில் பிண்டம் வைக்கிற குடும்பத்துக்கு அந்த எண்ணம் புதிதும் இல்லை.

கீழக்கரை மருந்தாளர் பதில்:

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த உறவினர் சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். தூக்கத்துக்கு எழுதுவது பெரும்பாலும் குளோனசெபாம், அல்பிரசோலாம் வகை. பல வாரம் தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், நடுக்கம், எரிச்சல், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். அதுவும் ரயிலில், பாஷை தெரியாத ஊரில். குறைப்பதாக இருந்தால் எழுதிய மருத்துவரே வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதைப் பயணம் முடிந்த பிறகு தொடங்குங்கள். பயணத்துக்குத் தேவையானதைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாதி கைப்பையில், பாதி அப்பா பையில். மருந்துச் சீட்டின் நகல் இரண்டிலும் இருக்கட்டும். தூக்க மாத்திரை போட்ட ராத்திரியில் ரயிலின் மேல் படுக்கை கூடாது, கீழ்ப் படுக்கைதான்.

தியானத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, கொஞ்சம் அடக்கமாகவே பேசுகின்றன. 2014ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 47 சோதனைகள், 3515 பேர் அடங்கிய தொகுப்பாய்வு வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன். உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2022ல் பதற்ற நோய் உள்ள 276 பேரை வைத்து எட்டு வாரத் தியானப் பயிற்சியையும் பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உதவின. "பார்த்தீர்களா, மாத்திரைக்குச் சமம்" என்று இதைப் பரப்புகிறவர்கள் அந்தப் பயிற்சியின் அளவைச் சொல்வதில்லை: வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிஷம், நடுவில் ஒரு முழுநாள். 1979ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆரம்பித்த முறை அது, மூலம் பௌத்தப் பயிற்சிதான். நாலு நாள் மரத்தடியில் இருந்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

தூக்கத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. படுக்கையில் படுத்துக்கொண்டு தூக்கம் வரட்டும் என்று தியானம் செய்தால், "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று மனசு பார்த்துக்கொண்டே இருக்கும், அதுவே விழிக்க வைக்கும். தியானம் நாற்காலியில், பகலில். படுக்கை தூங்க மட்டும். படுத்து ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பலாம். எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், ராத்திரி எப்படிப் போனாலும் சரி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான பகுதி இதுதான்.

அம்மாவின் நிலையில் இன்னும் சிலதைப் பாருங்கள். சாப்பாடு குறைந்து எடை இறங்குகிறதா, எதிலும் விருப்பம் இல்லையா, "நானும் போய்விட்டால் தேவலை" என்று பேச்சு வருகிறதா? ஆம் என்றால் யாத்திரைக்கு முன்னால் மனநல மருத்துவர். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம், 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நம் கடலோரத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. தர்கா இருக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே துவாவும் (பிரார்த்தனை) இருக்கட்டும், தவாவும் (மருந்து) இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து நடத்தும் ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வருகிறவரை யாரும் தடுப்பதில்லை, மருந்தையும் நிறுத்தச் சொல்வதில்லை. புத்த கயாவுக்கும் அதே கணக்குதான்.

தென்கடல்:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி காக்கா. எடை குறையவில்லை, அந்த மாதிரிப் பேச்சும் இல்லை. மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுகிறோம். பயண ஏற்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். பயண ஏஜெண்ட் ஒருவர் நாலு நாளில் புத்த கயா, ராஜகிரி, நாலந்தா, வைசாலி, குசிநகரம் எல்லாம் காட்டுவதாகச் சொல்கிறார்.

சேது எக்ஸ்பிரஸ் (மண்டபம்) பதில்:

அந்தத் திட்டத்தை வாங்காதீங்க. வேன் சீட்டில்தான் நாலு நாளும் போகும். புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பாண சூத்திரம் பார்க்க வேண்டிய இடம் என்று சொல்வதே நாலுதான்: பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்த கயா, முதல் உபதேசம் செய்த சாரநாத், மறைந்த குசிநகரம். அதிலும் உங்களுக்குக் கையில் இருக்கிற நாளுக்குப் புத்த கயாவும், காசி பக்கத்திலேயே பத்து கிலோமீட்டரில் இருக்கிற சாரநாத்தும் போதும். புத்த கயாவில் இருந்து காசிக்கே சுமார் 250 கிலோமீட்டர், அங்கிருந்து குசிநகரம் இன்னொரு 250க்குக் கிட்ட. மூட்டுவலிக்காரரை அதில் உட்கார வைத்துவிட்டு மன அமைதி தேடுவது என்ன நியாயம்?

மாசத்தைப் பற்றி முதலில். தை முற்பாதி அங்கே மூடுபனிக் காலம். ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். நம் ஊர் உடம்பு அந்தக் குளிரைப் பார்த்ததே இல்லை, பிரஷர்காரர்களுக்குக் குளிர் ஆகவும் ஆகாது. தை கடைசி அல்லது மாசிக்குத் தள்ளுங்க. தள்ள முடியாவிட்டால் உள்ளே போடும் கம்பளி உடை, காதுக் குல்லா, கெட்டி சாக்ஸ் இரண்டு ஜோடி. சாக்ஸ் ஏன் என்றால் புத்த கயாவில் போதி மரம் இருக்கிற மகாபோதி கோயில் வளாகம் முழுக்க செருப்பில்லாமல் நடக்கணும், அதிகாலையில் கல்தரை ஐஸ் மாதிரி இருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல காலம்தான். ஆனால் மகாளயபட்சம் பக்கம் போகவே கூடாது, கயா தாங்காத கூட்டம்.

ராமேஸ்வரத்தில் இருந்து பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கு, இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும். இறங்கின அன்றைக்கே கங்கையில் முங்க வைக்காதீங்க, ஒரு நாள் ஓய்வு. காசி, பிறகு கயா, பிறகு புத்த கயா, திரும்பி வரும்போது காசியில் ஒரு ராத்திரி தங்கி சாரநாத். இந்த வரிசையில் சாரநாத் கடைசியாக வருவது நல்லது. அங்கே கூட்டம் குறைவு, புல்வெளி இருக்கு, தமேக் தூபியைச் சுற்றி மெதுவாக நடக்கலாம். மூலகந்தகுடி விகாரையில் சாயங்காலம் முதல் உபதேசத்தைப் பாலியில் ஓதுவாங்க, உட்கார்ந்து கேட்கலாம். தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இப்ப புத்த கயா. பிண்டம் வைத்த அன்றைக்கே மகாபோதிக்குக் கூட்டிப் போகாதீங்க. அன்றைக்கு அழுகை வரும், வந்துட்டுப் போகட்டும். சாயங்காலம் அறைக்குப் போய்க் கஞ்சி குடித்துப் படுக்கட்டும்.

கோயில் காலை 5 மணிக்குத் திறந்து ராத்திரி 9 மணிக்கு மூடும். மொபைல் உள்ளே விடமாட்டாங்க, வாசலுக்கு வெளியே பெட்டகத்தில் வைக்கணும். அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் வரிசை மிச்சம். பெற்றோர் பிரிந்துவிட்டால் கூப்பிட வழி இல்லை, அதனால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று வாசலிலேயே பேசிக்கொள்ளணும், ஆளுக்கொரு கைக்கடிகாரம் வேணும். மொபைல் இல்லாத அந்த இரண்டு மணி நேரமே பாதி வைத்தியம், இது என் அபிப்பிராயம்.

காலை 5லிருந்து 7 வரைதான் உட்காரத் தகுந்த நேரம். போதி மரம் கோயிலின் மேற்குப் பக்கம். எல்லாரும் அங்கேதான் நெருக்குவாங்க, மரத்தை ஒட்டி இடம் பிடிக்க முண்டவே வேண்டாம். வடக்குச் சுவரை ஒட்டி, ஞானம் பெற்ற மூணாவது வாரம் புத்தர் முன்னும் பின்னும் நடந்த இடம் என்று ஒரு நீண்ட மேடை இருக்கு. அடி வைத்த இடங்களைக் கல் தாமரைகளாகச் செதுக்கியிருக்காங்க. பாம்பன்காரர் சொன்ன நடைக்கு அதை ஒட்டியே ஒரு கோடு போதும். மேடை மேல் ஏறக் கூடாது, பக்கத்துப் பாதையில் நடக்கணும். மேல்தளத்துச் சுற்றுப்பாதையில் கூட்டம் குறையும், ஆனால் படி ஏறி இறங்க வேண்டியிருந்தால் அம்மாவுக்கு வேண்டாம். வளாகத்துக்குள்ளேயே தியானப் பூங்கா ஒன்றும் இருக்கு, சின்னக் கட்டணம், உட்கார அமைதியான இடம். மடக்கு நாற்காலி உள்ளே கொண்டுபோக விடுவாங்களா என்று வாசலில் கேளுங்க. விடாவிட்டால் கல் திண்ணை உண்டு, மெத்தைத் துணி மட்டும் கையில் வையுங்க.

நாலு நாளை இப்படிப் பிரிங்க. முதல் நாள் ஓய்வு, சாயங்காலம் ஒரு பிரதட்சிணம் மட்டும். இரண்டாம், மூணாம் நாள் ஒரே மாதிரி: காலை இரண்டு மணி நேரம் (உட்காருவது 20 நிமிஷம், நடை 20 நிமிஷம், மாறி மாறி), மதியம் தூக்கம் அரைமணிக்கு மேல் கூடாது, சாயங்காலம் தாய்லாந்து, பூட்டான், ஜப்பான் விகாரைகளில் ஏதாவது ஒன்று. நாலாம் நாள் காலை மட்டும் கோயில், மதியம் ரயில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுஜாதா தூபிக்கு வேணும்னா ஆட்டோவில் போய் வரலாம். துங்கேஸ்வரி குகை மலைமேல் இருக்கு, விட்டுடுங்க. திரிபிடகம் ஓதும் டிசம்பரிலும் திபெத்தியப் பெருவழிபாடு நடக்கும் நாட்களிலும் ஒலிபெருக்கி நாள் முழுக்க ஓடும், அறை வாடகையும் ஏறும்.

போதி இலை, மாலை விற்பவர்கள், அனாதைப் பள்ளிக்கு நன்கொடை என்று நட்பாகப் பேசிக் கூடவே வருபவர்கள் இருப்பாங்க. துக்கத்தில் இருக்கிற பெரியவங்களைத்தான் முதலில் பிடிப்பாங்க. அம்மா கையில் பணப்பை வேண்டாம்.

அடப்பன் (உச்சிப்புளி) பதில்:

பத்து நாள் முகாம் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எஸ்.என். கோயங்கா முறை விபாசனா முகாம் நமக்குக் கிட்டத்தில் திண்டுக்கல் மாவட்டம் செட்டியபட்டியில், காந்திகிராமம் பக்கம். சென்னையில் திருமுடிவாக்கத்தில் ஒன்று. புத்த கயாவிலேயே தம்ம போதி என்று ஒன்று உண்டு. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. இணையத்தில் முன்பதிவு, இடம் சீக்கிரம் நிரம்பும்.

விடியக்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் கிட்ட உட்காருவது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாள் விபாசனா. அதற்குப் பிறகு காலை 8, மதியம் 2.30, மாலை 6 மணிக்கு ஒரு மணி நேரம் கை, கால், கண் அசையாமல் உட்கார முயல வேண்டும். பேச்சு பத்தாம் நாள்தான். பகல் 11 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு புதியவர்களுக்குச் சாயங்காலம் 5 மணிக்குத் தேநீரும் பழமும் மட்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி சர்க்கரை இறங்கும். ஜபம், விரதம், பூஜை எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க மனசு வராத அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கணவன், மனைவி ஒரே முகாமில் இருந்தாலும் பார்த்துக்கொள்ள முடியாது.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் மூட்டை கட்டத் தோன்றும் என்று முகாமிலேயே சொல்வது வழக்கம். உடல் வலி ஒரு பக்கம். பேச ஆள் இல்லாதபோது அடங்கியிருந்த துக்கம் மொத்தமாகக் கிளம்புவது இன்னொரு பக்கம். துக்கம் ஆறாத நிலையில், தூக்க மாத்திரையோடு, முதல் தடவையாக ஒருவரை இதில் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்ணப்பத்திலேயே மனநோய், மருந்து விவரம் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. முன்பு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ வந்தவர்கள் போகவே கூடாது. தூக்கம் குறைந்து நீண்ட நேரம் உட்காருவது அவர்களுக்கு நோயைத் திரும்பக் கிளப்பும்.

மீன்பிடித் தொழில்காரர்களுக்கு ஒரு யோசனை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். முகாம் போக அதைவிடத் தோதான நேரம் இல்லை. ஆனால் அதே மாசங்களில் கயா 40 டிகிரியைத் தாண்டும், அப்போது யாத்திரை வேண்டாம்.

அனுராதபுரம்: பக்கம் என்பது வரைபடத்தில் மட்டும். ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984ல் நின்றது, இன்றுவரை இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் ஏறலாம், வடகிழக்குப் பருவமழையில் நம்பி இறங்க முடியாது. மதுரையில் இருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. பாஸ்போர்ட்டும் இணைய வழி நுழைவு அனுமதியும் வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டால் முதியவர்களுக்குப் புத்த கயாவைவிட எளிது என்பேன். அசோகர் மகள் சங்கமித்தை கொண்டுவந்த போதிக் கிளையில் இருந்து வளர்ந்த ஸ்ரீமகாபோதி மரம், ருவன்வெலிசாய தூபி இரண்டும் கிட்டக்கிட்ட, சுற்றி நடக்க விசாலமான முற்றம், குளிர் இல்லை. வெள்ளை உடை, தொப்பியும் செருப்பும் வெளியே. மதியம் கல் சுடும், காலையிலோ சாயங்காலமோ போங்கள். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, அதற்கு வழக்கே வரும். பௌர்ணமி அன்று எட்டு சீலம் (ஒழுக்க விதிகள்) எடுத்து நாள் முழுக்க இருப்பவர்களோடு உட்காரலாம், கூட்டமும் அன்றுதான் அதிகம். பக்கத்து மலையான மிகிந்தலையில் 1840 படி. பாதிக்கு மேல் வரை வண்டி போகும், மிச்சத்தையும் மூட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாடைக்காற்று:

அடப்பன் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. துக்கத்தில் இருப்பவருக்கு நீண்ட மௌனம் கூடாது என்பது சரி, ஆனால் மௌனமே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புத்த கயாவில் காலை எழுந்ததில் இருந்து 8 மணி வரை மூணு பேரும் பேசாமல் இருந்து பாருங்க. "டீ வேணுமா" என்பதற்குக்கூடக் கை ஜாடை. அந்த அளவு யாருக்கும் கேடு இல்லை. அப்புறம் பேசலாம், மாமாவைப் பற்றியும்தான். அழுதால் அடக்காதீங்க.

திரும்பி வந்த முதல் வாரத்தை இப்போதே திட்டமிடுங்க. சொந்தக்காரங்க பிரசாதம் வாங்க வருவாங்க, துணி துவைக்கணும், இரண்டு ராத்திரி ரயில் அலுப்பு வேற. அந்த வாரம்தான் பழைய யோசனை இன்னும் பலமாக வரும், "இவ்வளவு செலவழிச்சும் சரியாகலையே" என்ற நினைப்பும் சேரும். உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைங்க, ஆனால் ஒரு நாள்கூட விடாதீங்க. அதே நாற்காலி, அதே இடம், குளித்த உடனே. வீட்டில் இன்னொருத்தர் கூட உட்கார்ந்தால் பழக்கம் நிற்கும்.

தென்கடல்:

மாசிக்கு மாற்றிவிட்டோம். ஏஜெண்டை வேண்டாம் என்று சொல்லியாச்சு. அப்பாதான் லும்பினியும் பார்க்கணும் என்கிறார். அதற்கு என்ன ஆவணம் வேணும்?

சேது எக்ஸ்பிரஸ்:

லும்பினி நேபாளத்தில் இருக்கு. சோனௌலி எல்லை வழியாகத் தரைமார்க்கம் போனால் நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாக இருக்கணும். அம்மா வயசுக்கு ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீங்க. ஆனால் லும்பினி சேர்த்தால் காசியில் இருந்து போக வர தனியாக மூணு நாள் ஆகும், ஆண்டவரே. அதைப் புத்த கயாவின் நாலு நாளில் இருந்து எடுக்காதீங்க. லீவைக் கூட்ட முடிந்தால் சேருங்க, முடியாவிட்டால் அப்பாவுக்கு இன்னொரு வருஷம்.